கன்னி மூலையில் ஒரு குளம்

வசம்பு இலை கசங்கிய வாசனை அடுப்படி ஜன்னல் வழியாக வந்தபோது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நீதான் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து களை பிடுங்குகிறாய் என்று நினைத்து, "ஏண்டி, டீ குடிச்சியா?" என்று கேட்டே விட்டேன். கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. உனக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. பிறகு யார் உன் வசம்பை மிதிப்பது?

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். பின்னாலிருக்கும் காலி மனை வழியாக ஒரு டிராக்டர் வந்து நின்றிருந்தது. கம்பிவேலியைப் பிரித்துச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். என் சுவரோரம் நீ நட்ட வசம்புப் பாத்தியின் மேல் ஒரு லோடு செம்மண் கொட்டிக் கிடந்தது. உன் குளத்தை மூடப் போகிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நீ செத்ததையே இன்னும் என் மண்டை ஏற்கவில்லை. அன்று காலையில் சுவருக்கு மேலே எட்டி, "யக்கா, கல்வாழை மஞ்சள்ல வாங்கட்டுமா, செவப்புல வாங்கட்டுமா?" என்று கேட்டாய். சிவப்பு என்றேன். குக்கர் விசில் அடித்தது, உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள் உன் வாசலில் ஆம்புலன்ஸ். மதியம் நீ ஐஸ் பெட்டிக்குள், நெற்றியில் காசு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறாய். எந்தக் கலர் பூ வாங்கலாம் என்று கேட்டவள் எப்படி அப்படிப் படுக்க முடியும்? பெட்டியைத் தட்டி எழுப்பலாம் போல இருந்தது. மாரடைப்பு. இது இன்றைக்கு வந்த கோளாறு இல்லை, பல நாளாகவே நெஞ்சு வலியும் கை வலியும் மூச்சு வாங்கலும் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நீ யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேங்கிக்காலில் இந்த மனைகள் போட்ட புதிதில் நாம் இரண்டு குடும்பமும் சேர்ந்தாற்போல வந்தோம். பஸ் ஓட்டிக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரருக்கு அப்போது கழுத்து நன்றாக இருந்தது. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார். அப்புறம் கழுத்தெலும்பு தேய்ந்து, தலை மார்போடு கவிழ்ந்து, நிமிர்ந்து பார்க்கவே முடியாமல் போய், பின்கட்டில் ஒரு நாற்காலியே கதி என்றானார். அதற்கு அடுத்த வெயில் காலத்தில்தான் நீ கடப்பாரையோடு ஆள் கூட்டி வந்து தோட்டத்தில் குளம் வெட்டினாய். அதுவும் கன்னி மூலையில்!

நானே கேட்டேன். "தென்மேற்குல பள்ளம் தோண்டக் கூடாதுடி. அங்க வெயிட்டு இருக்கணும்னு சொல்வாங்க."

நீ மலையைக் கை காட்டினாய். "அண்ணாமலையே அந்த மூலையிலதானக்கா குந்திக்கினு இருக்கு. அதுக்கு மேல இன்னா வெயிட்டு வேணும்?"

உன்னோடு பேசி ஜெயிக்க முடியுமா? விட்டுவிட்டேன். ஆனால் செடி வாங்கப் போன அன்று எனக்கு நிஜமாகவே எரிச்சல் வந்தது. செங்கம் ரோட்டு நர்சரிக்காரர் ரோஸ் கலரில் மொட்டு விட்ட தாமரையைத் தொட்டியோடு தூக்கி வந்து, "எடுத்துக்கினு போங்கம்மா, வீட்டுக்கு லட்சுமி" என்கிறார். நீ குனிந்து பார்த்துவிட்டு, "இது எல தண்ணிக்கு மேல எழும்பிக் கொட புடிக்கும். வேணாம்" என்று சொல்லிவிட்டாய். தாமரையை வேண்டாம் என்ற ஒரே பெண்பிள்ளை நீதான் என்று திட்டினேன். சிரித்துக்கொண்டே, இலை தண்ணீரோடு படுத்திருக்கும் வெள்ளை அல்லியாகத் தேடி எடுத்தாய். அதையும் சிமெண்ட் தொட்டியில் நட்டு, பரவாதபடி ஓரமாக இறக்கினாய். கல்வாழையும் சேம்பும் பக்கவாட்டில் மட்டும். வேலிப் பக்கக் கரையில் தரையோடு படரும் வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் தவிர ஒன்றும் கூடாது. "மலைக்கு எதிர்ல எதுவும் ஒசரமா வரக் கூடாதுக்கா" என்பாய். சுவர் எழுப்பக் கூட விடாமல் அந்தப் பக்கத்தைக் கம்பிவேலியோடு நிறுத்திவிட்டாய்.

அவ்வளவு கறார் பேசியவள் ஒரு முறை வசமாக ஏமாந்தாய். கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனவள், ஏரியில் ஊதாப் பூ பூத்துக் கிடந்தது என்று வெங்காயத்தாமரையை ஒரு வாளியில் போட்டு பஸ்ஸில் கொண்டு வந்தாய். "மிதக்கிற செடிதானே, நாலே நாலு" என்றாய். ஏரியையே மூடுகிற செடி உன் குளத்தை விட்டு வைக்குமா? நீ ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய நேரத்தில் தண்ணீரே தெரியாமல் பச்சைப் பாய் விரித்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, வெறி பிடித்தவள் போலப் பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் வீசினாய். கண்ணில் தண்ணீர் கொட்டியது. செடிக்குப் போய் இப்படி அழுவார்களா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எல்லாம் பிடுங்கி, தண்ணீர் தெளிந்த பிறகு ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாய். அவர் உள்ளே படுத்திருந்தார். அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, என் பிடரியில் கை வைத்துத் தலையை அழுத்தினாய். "தாவாக்கட்டை நெஞ்சுல படணும். அப்டியே இருங்க. இப்ப பாருங்க."

கண்ணை மட்டும் உயர்த்தினேன். என் காலுக்கு முன்னால் தண்ணீருக்குள் மலை நின்றது. உச்சி வரைக்கும், ஒரு இலை மறைக்காமல். ஒவ்வொரு செடியையும் எதற்காக நீ வேண்டாம் என்று தள்ளினாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் குளத்தைத்தான் மூட வந்திருந்தார்கள். அடுப்பை அணைத்தேனா என்று கூடத் தெரியவில்லை, சுற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு ஓடினேன். டிராக்டர்காரரிடம், "நிறுத்துப்பா! யார் சொல்லி மண்ணு கொட்டற?" என்று கத்தினேன்.

உன் நாத்தனார் குறுக்கே வந்தாள். "நீங்க நடுவுல வராதீங்கம்மா. வாஸ்து பாக்குறவரு வந்து பாத்துட்டுதான் சொன்னாரு. கன்னி மூலையில பள்ளம் இருந்தா வீட்டுப் பொம்பளைக்கு ஆவாதாம். எங்க வூட்டுப் பொண்ண முழுங்கிடுச்சி. இன்னும் யார முழுங்கணும்?" சொல்லும்போதே அழுதாள். அவளையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

உன் வீட்டுக்காரர் நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால்தான் அவர் முகம் எனக்குத் தெரியும்.

"நீங்களுமா சரின்னீங்க? இது உங்களுக்காக அவ வெட்டினது. தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"குளம் ஒருத்தர சாவடிக்குமா? டாக்டர் சொன்னாரே, பல நாளா நெஞ்சு வலி இருந்திருக்கும்னு."

"அதான்க்கா. கொளம் காரணம் இல்லன்னா, அப்புறம் நாந்தான் காரணம். பல நாளா வலியோட இருந்திருக்கா. ஒரே வீட்ல இருந்தேன். தலைய நிமித்தி ஒரு தடவ அவ மூஞ்சியப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். என்னால முடியல. இவங்க கொளத்து மேல பழி போட்டாங்க. சரி, போட்டுட்டுப் போவட்டும், நானும் கொஞ்சம் தூங்குவேன்னு கம்முனு இருந்துட்டேன்."

அவரே தொடர்ந்து சொன்னார்.

"காலையில அவ எறங்கிப் பழுத்த எல கிள்ளுவா இல்ல, அப்ப மட்டும் தண்ணியில அவ மூஞ்சி தெரியும். அது ஒண்ணுதான் நான் பாத்தது. அன்னிக்கும் பாத்தேன்க்கா. என்னப் பாத்து சிரிச்சா."

உன் நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன் வீட்டுக்காரர்தான் கையை நீட்டி, தரையைப் பார்த்தபடியே சொன்னார். "மண்ண வாரிக்கினு போவச் சொல்லுங்க. அவ மூஞ்சியப் பாத்த எடம். இத மூடிட்டு நான் எங்க பாப்பேன்?"

டிராக்டர்காரர் மண்வெட்டியை எடுத்தார். உன் நாத்தனார் அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பினாள். போகிற வழியில் என் வாசலில் நின்று, "அவன கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது காலையில் நான்தான் இறங்குகிறேன். அல்லி தொட்டியை விட்டு வெளியே வராமல் கிள்ளுகிறேன், வேலிப் பக்கம் எதையும் வளர விடுவதில்லை. நீ செய்யும்போது பார்க்கப் பூப்பறிக்கிற வேலை போல இருந்தது. முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றால்தான் தெரிகிறது, இடுப்பை ஒடிக்கிறது. இதை நீ அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு தினமும் செய்திருக்கிறாய். நினைத்தால் உன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

உன் வீட்டுக்காரர் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். நான் இறங்குகிற சத்தம் கேட்டால் கேட்கிறார், "மூச்சு வாங்குதாக்கா?" என்று. முன்பெல்லாம் இப்படிக் கேட்கிற மனுஷன் இல்லை. நானும் சும்மாதான் என்று மழுப்புவதில்லை. "ஆமா, வாங்குது" என்று உள்ளதைச் சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொள்கிறேன். கை வலித்தால் சொல்கிறேன், தலை சுற்றினால் சொல்கிறேன். வாயை மூடாமல் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று வீட்டில் மருமகள் கேலி செய்கிறாள். செய்துவிட்டுப் போகட்டும்.

அவ்வளவு பக்கத்தில் இருந்தேன். சுவருக்கு இந்தப் பக்கம். கல்வாழைக்குக் கலர் கேட்டாயே, அந்த வாயால் ஒரு வார்த்தை, வலிக்குதுக்கானு சொல்லியிருக்கலாமேடி.