செவ்வாயில் ஒரு தேனீப் பெட்டி

பதிவு: ஞானசெல்வி, நீர்க்குழாய்ப் பொறியாளர், செவ்வாய்ப் பயிர்க்கூடம்

நாள் 611, காலை
காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. மகரந்தம் தூவும் இயந்திரங்கள் செம்புழுதி அடைத்து நின்றுவிட்டன. கையால் தூவிப் பார்த்தோம். ஓர் ஏக்கருக்குக் கை போதவில்லை. பூசணி பூத்துப் பூத்து உதிர்கிறது. கூடத்தைக் கைவிட உத்தரவு. மற்றவர்கள் ஓடத்தில் ஏறி, மேலே சுற்றும் கப்பலுக்குப் போய்விட்டார்கள். குழாய்களை அடைத்துவிட்டு நாளை நானும் கிளம்ப வேண்டும்.

நாள் 611, மதியம்
கிடங்கில், பெட்டியில் வளரும் அடுக்குத் தேனீக் கூட்டம் ஒன்று குளிர்துயிலில் இருக்கிறது. பக்கத்தில் அதற்கான பெட்டி, பிரிக்காத பொதியாக. வளர்க்க வேண்டிய நிபுணர் பூமியை விட்டுக் கிளம்பவே இல்லை. நான் தேனீயைத் தொட்டதுகூடக் கிடையாது. அதனால் என்ன? பொதியைப் பிரித்தேன்.

நாள் 611, மாலை
அடிப்பலகை, அதன்மேல் குஞ்சுகள் வளரும் புழு அறை, அதன்மேல் தேன் அறை, மூடி. சுலபம் என்று நினைத்தேன். அடை தொங்க வேண்டிய மரச்சட்டங்களில் முதல் சட்டமே கோணல். பிடுங்கி மறுபடி அடித்தேன். அடைக்கு அடித்தளமாகச் சட்டத்தில் ஒட்டும் மெழுகுத் தாள் விரல்சூட்டில் வளைந்தது. சட்டங்களின் இடைவெளி கூடினால் கண்ட இடத்தில் அடை கட்டும், குறைந்தால் தேனீ நசுங்கும் என்கிறது பொதியோடு வந்த குறிப்பு. எல்லாவற்றையும் கழற்றினேன். மறுபடி முதலிலிருந்து.

நாள் 612, காலை
கேப்டன் ரஹ்மத்துல்லா, கப்பலிலிருந்து: "செல்வி, என்னம்மா பண்றீங்க? ஓடம் கிளம்பப் போகுது."
நான்: "பெட்டிக்கு ஆணி அடிக்கிறேன் சார். நான் வரல."
"இது உத்தரவும்மா!"
"இப்ப விட்டுட்டு வந்தா இங்க இனி எவனும் விதைக்க மாட்டான் சார்."
"அடுத்த கப்பலுக்கு ரெண்டு வருஷம் ஆகும். சாப்பாடு பத்தாது."
"தெரியும். அதுக்குத்தான் அடிக்கிறேன்."
ஓடம் ஆளில்லாமல் மேலே போயிற்று.

நாள் 613
கூட்டத்தை எழுப்பிப் பெட்டிக்குள் இறக்கினேன். ராணி உயிரோடு இருக்கிறாள். கையுறைக் கிழிசல் வழியே நன்றாகக் கொட்டின. கொட்டட்டும். உயிர் இருப்பதுதானே கொட்டும்!

நாள் 622
முதல் பிஞ்சு. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

நாள் 630
புழுதிப் புயல். சூரியத் தகடுகள் மூடிவிட்டன. மின்சாரம் ஒன்றுக்குத்தான் போதும்: என் காற்றுச் சுத்திகரிப்பான், அல்லது கூடத்து வெப்பம். சுத்திகரிப்பானை அணைத்தேன். செடிகள் விடும் மூச்சில் பங்கு கேட்கப் போகிறேன்.

நாள் 633
மூச்சு வாங்குகிறது. எழுத்து ஓடவில்லை. பெட்டிமேல் காதை வைத்தேன். இரைகிறது.
இதைப் படிப்பவரே, என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பெட்டி. தட்டாதீர்கள். மூடியை மெதுவாகத் தூக்குங்கள், உள்ளே குடித்தனம் நடக்கி...