ஃபெயிலே இல்லாத பரீட்சை

14-10-1973, ஞாயிறு இரவு

அமெரிக்காவில் மேல்படிப்புக்கு நான் எழுதும் பரீட்சையைப் பற்றி, மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் அம்மா கேட்டாள். அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. மார்க் மட்டும்தான், அதைப் பார்த்துக் கல்லூரிகள் முடிவு செய்யும் என்றேன்.

"இன்னாடி சொல்றே? ஃபெயிலே கெடயாதா?"

"கெடயாதும்மா."

அம்மா உடனே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கல்மண்டபம் கடைத்தெருவில் ஜாங்கிரி வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தாள்.

"எம் பொண்ணு அமெரிக்கா பரீட்சையில ஃபெயில் ஆவல!"

எரிச்சலாக வந்தது. ஆனால் அதில் பொய் எது?

எதிர்வீட்டு மேரியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போடி கப்பல் ஏறப்போறே?" என்றாள். அம்மா அது காதில் விழாததுபோல் திரும்பி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

பரீட்சையே வருகிற சனிக்கிழமைதான். ஜாங்கிரி நன்றாகத்தான் இருந்தது.