புஜ்ஜிக்கு ஆறு கம்பம்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே வெயில். மொட்டைமாடித் தரை சுடுவதற்குள் ஆறு பூந்தொட்டி, ஆறு பி.வி.சி. குழாய், இரண்டடி இடைவெளியில் நட்டாயிற்று. எங்கள் நாய் புஜ்ஜி இவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடப் பழக வேண்டும். அடையாறு சாந்தி மேடத்தின் நிபந்தனை. போட்டிக்கு நாய் பழக்குகிறவர். "ஆறு கம்பமும் ஒழுங்கா ஓடினா நானே வளர்க்கறேன். சும்மா வச்சுக்க இடம் இல்ல மாமி." தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டாயிற்று. வேறு யாரும் தயாரில்லை.

அடுத்த மாதம் இவருக்குக் கிட்னி ஆபரேஷன். கொடுப்பது நான். அதற்கப்புறம் வீட்டில் நாய் கூடாது, டாக்டர் கண்டிப்பு. அன்றிலிருந்து இவர் சரியாகப் பேசுவதில்லை.

ஜூன் 6, வெள்ளி
டயாலிசிஸ் நாள். வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை.
வாங்க: பனீர் (பு.வுக்கு), எலுமிச்சை, இவர் மாத்திரை.
பு.வுக்குக் கற்பூர புத்தி. மூன்றே நாளில் ஓடுகிறது. வீடியோ அனுப்பினேன். மேடம் போன்: "முதல் கம்பம் நாய்க்கு இடது பக்கம் வரணும். உங்களுது வலது பக்கம் வருது. போட்டியில செல்லாது."
என் தப்பு. பிள்ளையாரைச் சுற்றுகிற மாதிரியே கூட்டிப் போயிருக்கிறேன். கால் தானாக அப்படித்தான் போகிறது. இஸ்திரி முனுசாமி முந்தாநாளே சொன்னார், "இன்னா மாமி, நாயி கோயில் சுத்திக்கினு கீது?" நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
தூறல். தரை வழுக்கல். இடது பக்கம் பழக்கம். சாயங்காலம் சரியாக ஓடுகிறது, மறுநாள் பார்த்தால் மறுபடி வலது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல. ஞாயிறன்று கூட்டி வரச் சொல்லிவிட்டார் மேடம்.

ஜூன் 12, வியாழன்
புரிந்துவிட்டது. பால் வாங்கித் திரும்பினால் இவரைக் காணோம். மாடியில் இருக்கிறார். கையில் பிஸ்கட். புஜ்ஜியை வலது பக்கமாக விட்டுக்கொண்டு.
"என்ன பண்றேள்?"
"தெரிஞ்சுதான் பண்றேன் விஜி. ஒழுங்கா ஓடலேன்னா அவ எடுத்துக்க மாட்டா. யாரும் எடுத்துக்கலேன்னா இங்கதானே இருக்கும்."
"அப்போ ஆபரேஷன்?"
புஜ்ஜியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.
கத்திவிட்டேன். என் உடம்பைக் கிழித்துக் கொடுக்கிறேன், உங்களுக்கு நாய்தான் பெரிசா என்று. கீழ்வீட்டுக்கே கேட்டிருக்கும். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்கு மட்டும் அதை விட மனசா இருக்கிறது? சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். பு.தான் வந்து மடியில் தலை வைத்தது.

ஜூன் 14, சனி
இரண்டு நாளாகப் பேச்சில்லை. பால் திரிந்துவிட்டது. காஸ் புக் பண்ண வேண்டும்.
சாயங்காலம் இவரே மாடி ஏறினார். நாலு படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். கூடப் போனேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. இடது பக்கமாக ஐந்து முறை விட்டார். ஐந்தும் சரி.

ஜூன் 15, ஞாயிறு
அடையாறு. ஆட்டோவில் வழி முழுக்க பு. இவர் மடியில். நான் விட்டபோது அது இவரையே திரும்பிப் பார்த்து, வலது பக்கம் போய்விட்டது. மேடம் உதட்டைப் பிதுக்கினார். "இன்னொரு தடவை பார்க்கலாம்."
இவர் எழுந்து போய் முதல் கம்பத்தருகே நின்றார். "போடா கண்ணா."
இடது பக்கமாகவே நுழைந்து ஆறையும் ஓடி முடித்தது. ஓடி வந்து இவர் கையெல்லாம் நக்கிற்று.
"யார் சார் பழக்கினது?"
"இவதான்."
கயிற்றை மேடத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து ஆட்டோவில் ஏறினார். தெருமுனை வரை குரைப்பு கேட்டது.
வீட்டுக்கு வந்து தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். கை கழுவிண்டு வாங்கோ என்றேன். உள்ளங்கையைப் பார்த்தார்.
"ஸ்பூன் குடு விஜி. இன்னிக்குக் கை கழுவப் போறதில்லை."