கோணல் தலைகள்

ஏப்ரல் 14, திங்கள்
புதிய பதிப்பை ஏற்றிவிட்டேன். ஆய்வகத் தலைவர் ஓராஸ்பெக் அகா வேண்டாம் என்றார், நான்தான் அடம்பிடித்தேன். ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு அளவு. எல்லா ஸ்கேன் படங்களையும் நீட்டிச் சுருக்கி ஒரே மாதிரி மூளையின் மேல் பொருத்தினால்தான் ஒப்பிட முடியும். அதைச் செய்கிற மென்பொருள் இது.

என் உதவியாளன் சாகென் இன்றுமுதல் விடுப்பு. கிஸிலோர்தாவில் தங்கை கல்யாணம். இருந்தால் மட்டும் என்ன? காலையில் எனக்கு முன்னால் வந்து கணினி எதிரே உட்கார்ந்திருப்பான். கேட்டால், “படத்துக்கெல்லாம் காலை வணக்கம் சொல்றேன்” என்பான். சோம்பேறி. தேநீர் ஊற்றும்போது அவன் கிண்ணத்தை மட்டும் விளிம்புவரை நிரப்பிக் கொடுப்பேன் — எங்கள் வழக்கத்தில் அரைக் கிண்ணம் என்றால் இரு, நிறைகிண்ணம் என்றால் குடித்துவிட்டு எழுந்து போ என்று. அவனா போவான்! சிரித்துக்கொண்டே குடிப்பான்.

ஏப்ரல் 15
பக்கவாத நோயாளிகளின் புதுப் படங்கள் பதினெட்டு. பதினொன்று கோணல். ஒருவருக்குக் கண் இருக்கவேண்டிய இடத்தில் மூளை.

ஏப்ரல் 16
அகா சொன்னார்: “பழசு நல்லாத்தானேம்மா ஓடுச்சு? முப்பதாம் தேதி கட்டுரை போகலேன்னா அடுத்த வருஷம் இந்த ஆய்வே கிடையாது.” திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 18
மானத்தை விட்டுப் பழைய பதிப்புக்கே திரும்பினேன். அதே கோணல்! போன மாதப் படங்களைப் புதியதில் ஓட்டினேன். அத்தனையும் நேர். அப்படியென்றால் குற்றம் பதிப்பில் இல்லை. அதே கருவி, அதே மருத்துவமனை. என்னதான் குறைகிறது?

சாகென்.

ஏப்ரல் 19
போன் போட்டேன். பின்னால் தோம்ப்ரா வாசிக்கிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள்.

“தலையெல்லாம் நேராக்கிட்டுத்தானே ஓட்டினீங்க?”

“எந்தத் தலை?”

“எல்லார் தலையும்தான். கோணலாத்தானே படுக்கிறாங்க? ஒவ்வொண்ணா நிமிர்த்தி, நடுப்புள்ளியக் குறிச்சு வைக்கணும். அங்கருந்துதான் மென்பொருள் தேட ஆரம்பிக்கும். இல்லேன்னா வழி தப்பிரும்.”

“மூணு வருஷமா கையாலயா செஞ்சே? ஏன்டா சொல்லல?”

“‘படத்தைக் கை தொடக்கூடாது’ன்னு சுவத்துல எழுதி ஒட்டினது யாரு? சொன்னா விட்ருப்பீங்களா?”

வைத்துவிட்டேன். கோபமில்லை, வெட்கம். வாய்க்கு வாய் சோம்பேறி என்றேனே, பாவி நான்.

ஏப்ரல் 21
கட்டுரையில் ‘முழுக்கத் தானியங்கி முறை’ என்று எழுதியிருக்கிறேன். பொய். அகாவிடம் ஒப்புக்கொண்டேன். கொஞ்சநேரம் கண்ணாடியைத் துடைத்தார். “மாத்திடு. அந்தப் பய பேரையும் சேத்துடு.”

ஏப்ரல் 22
ஒரு தலைக்கு ஆறு நிமிடம். கழுத்து வலிக்கிறது. சாகென் சொன்ன இடத்தில் அவன் குறிப்புகள் இருந்தன: படத்துக்கு ஒரு வரி, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வு என்று. சோதனைக்காக என்னைக் கருவியில் படுக்கவைத்து எடுத்த படமும் உண்டு. ‘ரௌஷான்: எப்போதும் இடப்பக்கம். யோசிக்கும்போதும்.’

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதமாட்டேன்.

ஏப்ரல் 23
பதினெட்டும் நேர். புதிய பதிப்பில்தான்.

ஏப்ரல் 28
வந்துவிட்டான். விருந்திலிருந்து என் பங்கு என்று ஒரு பொட்டலம்: எண்ணெயில் பொரித்த பௌர்சாக் உருண்டைகள், உலர்திராட்சை, கொஞ்சம் குதிரைக்கறி.

“சுவத்துல இருந்த தாள் எங்க?”

“கிழிச்சுட்டேன்.”

ஏப்ரல் 30
கட்டுரை போயிற்று. ‘ஒவ்வொரு படமும் முதலில் கையால் நேராக்கப்பட்டது.’ இரண்டாவது பெயர் அவனுடையது.

மே 5, திங்கள்
இன்று அவனுக்கு முன்னால் போய்விட்டேன். வந்ததும் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அரைக் கிண்ணம்.

கிண்ணத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“அப்ப நான் இருக்கலாமா?”

“இரு,” என்றேன்.