தாளாளர் வெட்டச் சொன்ன நாலு நிமிடம்

6 ஆகஸ்ட் 2007, திங்கள்
மதுரையிலிருந்து ஜெபசுந்தர் அண்ணன் அனுப்பிய டிவிடி வந்துவிட்டது. பழைய ஊமைப்படம். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் அக்கா தங்கையின் கதை. கடைசியில் ஆலை தீப்பிடிக்கிறது. பூட்டிய கதவைப் பெண்களே உடைக்கிறார்கள். ‘கூலிக்காரர்களைத் தூண்டிவிடும்’ என்று அந்த நாலு நிமிடத்தை வெள்ளைக்காரன் காலத்து சென்சார் வெட்டிவிட்டதாம். இப்போது ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஹாலில் எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைப் பெண்களுக்குப் போடுகிறேன். நடுவில் வரும் இங்கிலீஷ் எழுத்தை மைக்கில் தமிழாக்கி வாசிப்பேன்.

9 ஆகஸ்ட், வியாழன்
தாளாளர் கூப்பிட்டார். பள்ளியும் அவருடையது, இந்தப் பெண்கள் வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனியும் அவருடையது.

“படம் போடுங்க பூரணி டீச்சர், வேண்டாங்கல. கடைசி நாலு நிமிசத்த மட்டும் எடுத்துருங்க. தீவாளி சீசன் நேரம்.”

எடுக்கத் தெரியாது என்றேன்.

“அப்ப அத வாசிக்காதீக. அதுகளுக்கு எங்க புரியப்போகுது?”

அதுகளா! என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்தினார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ச்சீ, எதுக்கு ஆட்டினேன்?

10 ஆகஸ்ட்
வாசிப்பேன். போனா போகுது வேலை.

12 ஆகஸ்ட், ஞாயிறு
ஹாலில் நிற்க இடமில்லை. தீப்பிடிக்கும் காட்சி வந்ததும் வாயைத் திறந்தேன். மைக் செத்துக் கிடந்தது. கம்பெனி மேனேஜர் செல்லப்பாண்டி ஒயரைப் பிடுங்கிவிட்டான், படுபாவி. “கதவைத் திறங்க!” என்று வெறும் தொண்டையில் கத்தினேன். யார் காதில் விழுந்தது? அதற்குள் கம்பெனியில் வேலை பார்க்கும் ராக்காயி எழுந்து திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“ஏ பிள்ள, மத்த வாசல் எங்க? நாலு பக்கமும் வாசல் இருக்கணும்ல!”

பட்டாசு ரூமென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இவளுக்குப் படத்து ஆலையும் பட்டாசு ரூம்தான். பக்கத்தில் இருந்த பாண்டிச்செல்வி கேட்டாள்: “நம்ம ரூம்ல மட்டும் எங்கன இருக்கு? மூணு வாசலையும் அடைச்சுல்ல லோடு அடுக்கியிருக்காக.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

13 ஆகஸ்ட், திங்கள்
வேலை போய்விட்டது. ஒரே வரிக் கடிதம். அழுதேன். ஆனாலும் வேலைக்காக மன்னிப்பு எழுதிக் கொடுக்க மாட்டேன்.

14 ஆகஸ்ட், செவ்வாய்
சாயங்காலம் பாண்டிச்செல்வி வந்தாள். நேற்று ஒருத்தியும் ரூமுக்குள் கால் வைக்கவில்லையாம். வாசலை அடைத்த லோடை எடுத்தால்தான் வேலை என்று வெயிலில் உட்கார்ந்துவிட்டார்களாம். கடைசியில் செல்லப்பாண்டியே சட்டையைக் கழற்றிப்போட்டு லோடு தூக்கினானாம். இன்றைக்கு நாலு வாசலும் திறந்த பிறகுதான் உள்ளே போயிருக்கிறார்கள்.

“ஆறு வருசமா அங்கனதான் கெடக்கேன் டீச்சர்,” என்றாள். “அந்த ரூம்ல காத்து வரும்னே இன்னைக்குத்தான் தெரியும்.”