ஆளுக்குப் பாதி

அன்புள்ள கிளேட்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளாவேளைக்கு ஏதோ சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் படியிறங்கும்போது முணுமுணுக்கிறது. அங்கே நீயும் மருமகள் மரிசோலும் காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்தப் புயல் உங்கள் ஊர்ப் பக்கம் திரும்பாமல் கடலோடு போய்விட்டதாக ரேடியோவில் சொன்னார்கள், கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. வெளியே போயிருப்பேன் என்று நினைத்திருப்பாய், எங்கேயும் போகவில்லை, போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் நீ அந்தக் கேள்வியைத்தான் கேட்பாய், நானும் வழக்கம்போல "நல்லாத்தான்டா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். எனக்குச் சில விஷயங்கள் எழுதினால்தான் முழுசாக வரும், அதனால் எழுதுகிறேன், வேலைக்கு நடுவில் பிரிக்காமல் சாவகாசமாகப் படி.

உன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு ஏப்ரலில் நீ கிளம்பிய காலை நம் சமையலறையில் நடந்த பேச்சு உனக்கு மறந்திருக்காது. "இந்த வீட்ல தனியா என்னம்மா பண்ணுவ, பனி விழுந்தா அதை வாசலை விட்டு ஒதுக்கக்கூட யாரு இருக்கா, பேசாம டம்பாவுக்கு வந்துடு, பின்னாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு" என்றாய். எனக்கு வந்ததே கோபம். "வர்ற அக்டோபர்ல நான் தனியா நரியோடை மலை ஏறி, ஒரு எல்க் மானை அடிச்சு, கறியை வீட்டுக்குக் கொண்டாறேனா இல்லையா பாரு. கொண்டாந்துட்டா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. முடியலன்னா நீ சொல்ற எடத்துக்குப் பொட்டியைக் கட்டிக்கிட்டு வர்றேன்" என்று எகிறினேன். நீயும் விடாமல் கையை நீட்டி வாக்கு வாங்கிக்கொண்டாய். கார் கதவைச் சாத்தப் போகும்போது "பையோட எடையையாவது கொறைச்சிட்டுப் போம்மா, உன் முட்டி தாங்காது" என்று சொன்னாய் பார், அது மட்டும் என் மனசில் தைத்துவிட்டது.

சொன்னபடியே எடையைக் குறைப்பதில் இறங்கினேன். செப்டம்பர் முழுக்க எனக்கு அதே வேலை, அதே நினைப்பு. மாவு நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து கூடத்துத் தரையில் வைத்து, என் முதுகுப் பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். ஓட்ஸையும் உருளைக்கிழங்குத் தூளையும் அட்டைப் பெட்டியிலிருந்து மெல்லிய பைக்கு மாற்றினேன், எஃகுத் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டு சோடா வாங்கின பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டேன், தோட்டா ஒரு பெட்டி முழுக்க எதற்கு, நான் என்ன சண்டைக்கா போகிறேன், ஒரு கைப்பிடி போதும் என்று விட்டேன். மாற்றுக் கால்சட்டை போயிற்று, பைனாகுலரின் தோல் உறை போயிற்று, வரைபடத்தின் ஓரத்தைக்கூடக் கத்தரித்தேன். கரடி வந்தால் அடிக்கிற மிளகுத் தெளிப்பானிலும், கறி கட்டும் துணிப்பையிலும், உப்புக்கண்டத்திலும், காபித்தூளிலும் மட்டும் கை வைக்கவில்லை. டார்லீன் தபால் நிலையத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து காலைக் காபிக்கு நம் வீட்டுக்குத்தான் வருகிறாள், நான் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தவள், "அடியே வெர்னா, அதை அறுத்து என்னத்தடி மிச்சம் பிடிக்கப் போற? உன் இடுப்பைச் சுத்தி இருக்கறதுல கொஞ்சம் எறக்கி வச்சிட்டுப் போ, மலையே வழிவிடும்" என்றாள். "அது குளிருக்குன்னு வச்சிருக்கேன், நீ வாயை மூடிட்டுக் கேக்கைத் தின்னு" என்றேன். கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கிக் கட்டிய பிறகு அவள் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஸ்கூல் பிள்ளை பை மாதிரி இருக்கு!" என்று வாயைப் பிளந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை சுலபமான வேலையை இத்தனை வருஷமாகச் செய்யாமல் முதுகு ஒடிய நடந்தோமே என்று உன் அப்பாவைக்கூட ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன்.

வேட்டை சீசன் திறந்ததும் பிக்கப் வண்டியை ஓடை முனையில் நிறுத்திவிட்டு ஏறினேன். கிளேட்டன், நான் எப்படி நடந்தேன் தெரியுமா, முப்பது வயதில் நடந்த மாதிரி நடந்தேன், முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, வழியில் எதிரே இறங்கி வந்த ஒருவன் "இன்னைக்கு மட்டும்தானா, தங்கலையா?" என்று பையைப் பார்த்துக் கேட்டான், "ஒரு வாரம் தங்கறேன்" என்று மிடுக்காகச் சொல்லிவிட்டுப் போனேன். மதியம் சாய்வதற்குள் பாறைக்கு அடியில் இருக்கும் அந்தச் சமதளத்துக்குப் போய்விட்டேன், பதினாலு வயதில் முதல் தடவை வந்து நீ வாந்தி எடுத்தாயே, அதே இடம். கூடாரத் துணியை உதறி விரித்தேன், நான்கு மூலையையும் இழுத்துச் சரி செய்தேன், குனிந்தபடியே பின்னால் கையை நீட்டி "கம்பியைக் குடு" என்றேன். கை அப்படியே கொஞ்ச நேரம் நீண்டிருந்தது. யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்பதும் யார் கொடுப்பார் என்பதும் எனக்கு உடனே உறைக்கவில்லை, "என்ன பண்ற அங்க?" என்று எரிச்சலோடு திரும்பிக்கூடப் பார்த்தேன்.

உனக்குத் தெரியும், ஜோடியாக மலையேறுகிறவர்கள் எல்லோரும் சாமானைப் பிரித்துத்தான் கட்டுவார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து நாங்களும் அப்படித்தான், கூடாரத் துணி என்னிடம், கம்பியும் முளையும் அவரிடம், கேஸ் குப்பி என்னிடம், அடுப்புத் தலை அவரிடம், காபித்தூள் என்னிடம், கெண்டி அவரிடம். "அப்பத்தான் மலையில சண்டை வந்தாலும் நீ கோவிச்சிக்கிட்டு இறங்கிப் போக முடியாது" என்று சொல்லிச் சிரிப்பார். நான் ஒரு மாதம் தராசை வைத்துக்கொண்டு நிறுத்து நிறுத்துக் குறைத்தது என் பாதியைத்தான். அவர் பாதியைக் கட்ட வேண்டும் என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. பை லேசாக இருந்ததற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லையடா, அதில் உன் அப்பா இல்லை, அவ்வளவுதான். முதலில் சிரித்தேன், அந்தப் பாறைக்கு எதிரே நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன், பிறகு அந்தத் துணியின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தன்று பாதிரியாரும் ஊரும் சுற்றி நின்றபோதுகூட அவர் போய்விட்டார் என்று எனக்கு அப்படி உறைக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே துணியைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அவருடைய பை கார் ஷெட்டில் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, நான் அந்தப் பக்கம் போவதையே விட்டிருந்தேன். மறுநாள் காலையில் இறக்கித் திறந்தேன். கம்பி, முளை, அடுப்பு, கெண்டி எல்லாம் நான் நினைத்தபடி இருந்தன. அதோடு தண்ணீர் வடிகட்டி, எலும்பு அறுக்கும் ரம்பம், ஒன்றுக்கு இரண்டு கயிறு, என் முட்டிக்குச் சுற்றும் பட்டை, என் அளவில் ஒரு தடித்த கம்பளிச் சட்டை. குளிருகிறது என்று நான் சொன்ன போதெல்லாம் அந்தச் சட்டை எங்கிருந்தோ வரும், எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. ஆளுக்குப் பாதி ஆளுக்குப் பாதி என்று சொல்லிச் சொல்லியே என்னை ஏமாற்றியிருக்கிறார், அது எந்தக் கணக்கிலும் பாதி இல்லை. "அடப் பாவி மனுஷா" என்று ஷெட்டில் நின்றே வாய்விட்டுத் திட்டினேன். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் தரையிலிருந்து தூக்கவே முடியவில்லை, உட்கார்ந்து வாரில் தோளை நுழைத்து, உருண்டு, சுவரைப் பிடித்து எழுந்தேன். முளையை விட்டேன், அங்கே குச்சி வெட்டிக்கொள்ளலாம், ஒரு கயிற்றை விட்டேன், கெண்டியை விட்டு டப்பாவை எடுத்தேன், தெரிந்த பாதைதானே என்று வரைபடத்தையே விட்டுவிட்டேன். எழுந்து நிற்க முடிகிற அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி ஏறினேன். இந்தத் தடவை நடையே இல்லை, ஊர்ந்தேன் என்று சொல்ல வேண்டும், ஆனாலும் ஏறினேன், நானே கம்பியை மாட்டி நானே கூடாரத்தை நிறுத்தினேன், இதை நீ மரிசோலிடம் மறக்காமல் சொல்.

இரண்டாம் நாள் காலை பனிமூட்டம் விலகும்போது எல்க் வந்தது. ஓடைக்கு மறுகரையில் மரத்தை விட்டு வெளியே வந்து முழு விலாவையும் காட்டிக்கொண்டு நின்றது, நல்ல கொம்பு, கொழுத்த உடம்பு, என் கைக்குத் தப்பாத தூரம். துப்பாக்கியைக் கட்டையில் ஊன்றி, மூச்சை அடக்கி, விசையில் விரலை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் உன் அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டு காதோடு ஒன்று கேட்பார். சுடலாமா என்று கேட்க மாட்டார், "சுமக்கலாமா?" என்றுதான் கேட்பார். நான் தலையை ஆட்டிய பிறகுதான் எங்களில் யாராவது சுடுவோம். நான் அதற்காகக் காத்திருந்தேன். கேட்க ஆளில்லாததால் நானே கேட்டுக்கொண்டேன். அந்த வாரம் அக்டோபர் மாதிரியே இல்லை, பகலில் சட்டையைக் கழற்றுகிற வெயில், கறி தாங்காது. நான்கு கால், முதுகுச் சதை, கழுத்து, ஒவ்வொரு காலையும் முதுகில் ஏற்றி பிக்கப்புக்கு இறக்கி, வெறும் பையோடு திரும்ப ஏறி, இந்த முட்டியை வைத்துக்கொண்டு பாதியை இறக்குவதற்குள் மீதி கெட்டுப் போகும், இல்லையென்றால் கரடி வந்து நிற்கும். கறியை மலையில் அழுகவிட்டவனை நம் ஊர் மன்னிக்காது, என்றைக்கோ பாதி மானை மலையில் விட்டுவந்த அரைமான் லெஸ்டரின் பேரன்களைக்கூட இன்னும் அரைமான் வீட்டுப் பிள்ளைகள் என்றுதானே சொல்கிறார்கள். ஆனால் அவமானத்துக்குப் பயந்து நான் நிறுத்தவில்லை, என் கேள்விக்கு என்னாலேயே தலையை ஆட்ட முடியவில்லை, அவ்வளவுதான். விரலை எடுத்தேன். அது இன்னும் கொஞ்ச நேரம் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மெல்ல நடந்து போயிற்று.

ஊரில் ஆள் இல்லாமலில்லை, கூப்பிட்டால் நாலு பேர் வந்து தூக்கியிருப்பார்கள், ஆனால் உன்னிடம் நான் தனியாக என்று சொன்னேன். அது வந்து நின்றதை ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. டார்லீனிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன், "விடுடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம், அதுவரைக்கும் கோழி தின்னு" என்றாள். உன்னிடமும் மான் கண்ணிலேயே படவில்லை என்று சொல்லியிருந்தால் நீயும் இன்னொரு வருஷம் விட்டுப்பிடித்திருப்பாய், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தப் பொய்தான் நாக்கு நுனியில் இருந்தது. அப்புறம் யோசித்தேன், இன்னொரு வருஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்? ஒரு ரொட்டி வாங்கினால் பாதி பூசணம் பிடிக்கிறது. கடையில் பேசுகிற கடைசி வார்த்தைக்குப் பிறகு மறுநாள் டார்லீன் வரும்வரை என் குரலை நானே கேட்பதில்லை. இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஏழு மாதமாக வைத்திருந்தேன்.

அதனால் உன் கேள்விக்குப் பதில், வருகிறேன். எனக்கு வர மனசில்லை, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன், பனி இல்லாத ஊரில் கிறிஸ்துமஸை எப்படிக் கண்டுபிடிப்பது என்றே எனக்குத் தெரியாது, உன் வீட்டு வாசலில் ஆமை வருமாம் முதலை வருமாம், எதையும் சுட விடமாட்டார்களாம். ஆனாலும் கொடுத்த வாக்கு வாக்குதான், வருகிறேன். விமான டிக்கெட் மட்டும் அனுப்பி என்னை ஏறச் சொல்லாதே, நீ நேரில் வா. எனக்கு விமானத்தில் பயமில்லை, பெட்டியையும் நானே தூக்குவேன். இந்த வீட்டுக் கதவைப் பூட்டுகிற அன்று மட்டும் நான் தனியாக நிற்க முடியாதடா.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சுக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டு நெடுநாள் வாழ வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. மரிசோலுக்கு என் முத்தம். நவம்பர் கடைசியில் கணவாயில் பனி ஏறிவிடும், அதற்கு முன்னால் வந்துவிடு, வரும்போது தடித்த கோட்டு எடுத்துக்கொண்டு வா, இங்கே விட்டுப்போன உன் பழையதை எலி தின்றுவிட்டது.

உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
வெர்னா