ஒரு ஆளுக்கு எத்தனை கை அரிசி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இருமலும் அவரோடு சுகமாக இருக்கிறது. நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் "சூப்பரா இருக்கேம்மா" என்று அளந்துவிடுவாய். உன் தங்கை எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். அவளைத் திட்டாதே, அவள் வாயில் எதுவும் தங்காது என்று தெரிந்தும் சொன்னது உன் தப்பு. ஏன்டா, ஏணியில் நின்று லைட் மாட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, கீழே நின்ற மேஸ்திரி காலைப் பிடித்து நிறுத்தினாராமே? ராத்திரிக்கு ஒரு பன்னும் குழாய்த் தண்ணீருமாமே? கேட்டதும், தைத்துக்கொண்டிருந்த சட்டையில் கை வைக்க வேண்டிய இடத்தில் காலரை வைத்துத் தைத்துவிட்டேன்.

அதற்கு முன்னால் நடந்த கூத்தையும் சொன்னாள். முதல் நாள் சமையலுக்கு, நான் இங்கே போடுவதைப் பார்த்த பழக்கத்தில் அப்படியே அரிசியை அள்ளிப் போட்டாயாம். அட மண்டு, அது ஏழு பேருக்கான சோறுடா! மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வந்து, கடைசியில் குளிக்கிற பக்கெட்டைக் கழுவி அதில் கொட்டினாயாமே. அப்பா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது. விடாமல் அதையே தின்று, அது கெட்டு, வயிற்றால் போய், இனி அடுப்புப் பக்கமே போவதில்லை என்று சபதம் வேறு. சபதம் சோறு போடுமா?

நான் சொல்வதைக் கேள், நீ பன்னுக்கும் டீக்கும் கொடுக்கிற காசிலேயே வயிறு முட்டச் சாப்பிடலாம். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு, ஒரு வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள், உப்பு சேர்த்துக் குழைய வேக வை. கழுவ ஒரே பாத்திரம்தான், உன் சோம்பேறித்தனம் தெரிந்துதான் சொல்கிறேன். காய் வாங்க, கடையைக் கட்டுகிற நேரம் பார்த்துப் போ, அடிபட்ட தக்காளியை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள், கொதித்த பிறகு அது அழகாக இருந்ததா என்று யார் கேட்கப் போகிறார்கள். முட்டைக்கோஸின் வெளி இலையைத் தூக்கி எறியாதே, பொடியாக நறுக்கி வதக்கு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்று. கொண்டைக்கடலை ஊறினால் இரண்டு மடங்காகும், ஒரு பிடி போதும், மறுபடி பக்கெட்டைத் தேடாதே.

"அம்மாகிட்ட நைசா கேளு, ஒரு ஆளுக்கு எத்தனை கை அரிசின்னு" என்று தங்கையிடம் சொன்னாயாமே, என்னிடம் கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமோ துரைக்கு? சரி, பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஒரு ஆளுக்கு உலை வைத்ததே இல்லையடா. இந்த வயதில் எனக்கொரு பரீட்சையா என்று, நேற்று எல்லோரும் வெளியே போயிருந்த மத்தியானம் வைத்துப் பார்த்தேன். ஒன்றரைக் கை. அளவு சரியாகத்தான் இருந்தது, வயிறும் நிறைந்தது. ஆனால் தட்டோடு உட்கார்ந்தால் எதிரே வெறும் சுவர். நீ தினமும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்ததும் அழுதுவிட்டேன். சோறு கெட்டதற்காக நீ அடுப்பை விடவில்லை, தனியாகத் தின்னப் பிடிக்காமல்தான் விட்டாய், அது எனக்குப் புரிந்துவிட்டது.

அதனால் ஒன்றரை வேண்டாம், மூன்று கை போடு. நீ தங்கியிருக்கிற கட்டடத்து வாசலில் இருக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் ராத்திரிக்குப் பன்தானாமே, அவரைக் கூப்பிடு. அரிசி உன்னுடையது, பருப்பு அவருடையது என்று பேசிக்கொள்ளுங்கள். உப்பு கம்மி என்று குறை சொல்லவாவது மனிதனுக்கு ஓர் ஆள் வேண்டும்.

நோய் நொடியில்லாமல், நாலு பேருக்குச் சோறு போடுகிறவனாக நீ நீடூழி வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, உன்னிடம் ஒரே ஒரு தட்டுதான் இருக்கும், அவரைத் தட்டோடு வரச் சொல்.

இப்படிக்கு,
உன் பசி தெரிந்த அம்மா